குழந்தையின் ஒரு கால் மட்டும் பெரிதாக வளர்கிறது, என்ன செய்வது?

முதலில் சிறிய காலைப் பாருங்கள். அது மெலிந்து பலமிழந்திருந்தால் வேறு நோய். இரண்டும் நன்றாக இயங்கி, ஒன்று மட்டும் நீளமும் பருமனும் கூடியிருந்தால் ஒருபக்க மிகைவளர்ச்சியாக இருக்கலாம். பலருக்கு 11ஆம் குரோமோசோமில், சில செல்களில் மட்டும் உள்ள மாற்றமே காரணம். ரத்தத்தில் அது தெரியாமலும் போகலாம்.

காலைவிட வயிறுதான் அவசரம். சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, கல்லீரலில் ஹெபடோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். 3 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சுமார் 7 வயதுவரை. தயவுசெய்து ஒரு தவணையையும் தள்ளிப்போடாதீர்கள், வில்ம்ஸ் கட்டி வேகமாக வளரும். ஏஎஃப்பி (கல்லீரல் கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். பச்சிளங்குழந்தைக்கு அது இயல்பாகவே மிக அதிகம். மாதாமாதம் இறங்குகிறதா என்பதே முக்கியம்.

கால் நீள வித்தியாசம் 2 செ.மீ.க்குள் என்றால் செருப்பில் உயரம் சேர்த்தாலே போதும். 2 முதல் 5 செ.மீ. வரை போகும் என்றால், நீளமான காலின் முழங்கால் அருகே வளர்தட்டின் (எலும்பு நீளும் நுனிப் பகுதி) வளர்ச்சியை நிறுத்தும் அறுவை சிகிச்சை. எலும்பு வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே செய்தால்தான் பலன்.