உடைத்த மாத்திரையும் ஒன்றரை ஷிப்டும்

அம்மா, காதில் குரல் கேட்கும் மனநோயிலிருந்து தெளிந்துவரும் மகனைத் திரும்பத் தையல் கம்பெனி வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டு அவிநாசியிலிருந்து நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடைசி வரிதான்: "பகல்ல தூங்கி வழியறான்னு ஒரு மாசமா மாத்திரையைப் பாதியா உடைச்சுத் தர்றேன்." இன்றிரவே மருத்துவர் எழுதிய அளவுக்குத் திரும்புங்கள். நாளைக்கே அவரிடம் போய் உடைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம் அதிகமென்றால் நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அதை அவர் செய்யட்டும், அரிவாள்மணை வேண்டாம்.

குறைத்த மறுநாளே ஒன்றும் ஆகாது. வம்பே அதில்தான். வாரக்கணக்கில் நன்றாகத்தான் இருப்பார்கள், ஒரம்பரை எல்லாம் "மாத்திரையே வேண்டாம் போலிருக்கே" என்பார்கள். பல சமயம் மாதங்கள் கழித்துத்தான் காதில் குரல் திரும்பும். முதல்முறை வந்து தெளிந்தவர்களுக்கே குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்து வேண்டும். உங்கள் மகனுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது.

யூடியூபில் பயமுறுத்தியதுபோல, மகன் சாப்பிடும் அந்த ரிஸ்பெரிடோன் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடாது. எடை கூட்டும், எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள், பேக்கரி பப்ஸைக் குறையுங்கள். செய்வினை என்கிறவர்களோடு கோயிலுக்குப் போய் வாருங்கள், மாத்திரை டப்பாவும் கூட வரட்டும். கல்யாணப் பேச்சு அடுத்த வருடம்.

சரி, வேலைக்கு அனுப்பினால் நோய் திரும்புமோ என்பதுதானே உங்கள் பயம்? பழைய கான்ட்ராக்டரே கூப்பிடுகிறார், அனுப்புங்கள். வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் இருக்கிற தெம்பும் போய்விடும். ஒரு ஷிப்ட் மட்டும். ஒன்றரை ஷிப்ட், ஷிப்மெண்ட் நேரத்து நைட் எதுவும் கூடாது. பகல் தூக்கம் தெளியும்வரை செக்கிங்கோ பிசிறு வெட்டுவதோ போதும். ஓவர்லாக் கத்தி ஓடும் மெஷின், அதில் அப்புறம் உட்காரலாம்.

நீங்கள் காவல் காக்க வேண்டியது இரவுத் தூக்கத்தை. போனமுறை மாரியம்மன் நோம்பி முடிந்த வாரம் விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குரல் அதற்குப் பிறகுதான் வந்தது. இனி தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூங்காவிட்டால், குரல் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிவாருங்கள். சாகிற பேச்சு எடுத்தால் ஓர் இரவுகூடப் பொறுக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

கம்பெனி முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017 மனநலச் சட்டமே தருகிறது. மகன் சம்மதித்தால் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். என்னிடம் வரும் ஒரு கட்டிங் மாஸ்டருக்கு அந்த ஒருவர், கம்பெனிக்கு எதிரே டீ போடுகிறவர். ஒருநாள் நீட்டிய கிளாஸை வாங்காமல் ரோட்டையே வெறித்து நின்றவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மாத்திரையை விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே சமாளித்தோம். உங்களுக்குக் கான்ட்ராக்டர் இருக்கிறார். முதல்நாள் கூடவே போய், உங்கள் நம்பரை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.