வாளுக்குப் புதுப் பிடி

அன்புள்ள ஐயா,
கொட்டாஞ்சேனையில் எங்கள் நாடகக் குழுவுக்கு மலிவாக ஓர் அலங்கார வாள் வாங்கினேன். அலகு பரவாயில்லை, பிடிதான் ஆடுகிறது, பொன்பூச்சும் உரிகிறது. கழற்றிவிட்டு மரப்பிடியும் பித்தளைப் பூணும் போட ஆசை. 'ஒரிஜினலைக் கெடுக்காதே' என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கழற்றுங்கள். நண்பர்கள் சொல்லும் ஒரிஜினல் அநேகமாக மலிவான துத்தநாக வார்ப்பாக இருக்கும். அதில் கெடுக்க ஒன்றுமில்லை. பிடி மாற்றுவது இந்தத் தீவில் பழைய வழக்கமும்கூட. சிங்கத்தலைப் பிடி போட்ட கஸ்தானை வாள்களில் பலவற்றுக்கு அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது, பிடி மட்டும் இங்கத்தைய கைவேலை. கண்டியிலிருந்து 1765இல் கொள்ளை போய், 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த பொருட்களிலும் கஸ்தானை இருக்கிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகப் பக்கம் போனால், அலகை விட்டுவிட்டுப் பிடியை மட்டும் பாருங்கள்.

ஆனால் பித்தளை வாங்கக் கிளம்பும் முன் உங்கள் பிடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அலகின் எஃகே ஒடுங்கி, வாலாகப் பிடியின் கடைசியில் உள்ள அடிக்குமிழ் வரை போகிறதா? இல்லை, அலகின் அடியில் மெல்லிய மரைக்கம்பி ஒன்றை வெல்டிங் பண்ணியிருக்கிறார்களா? மலிவு வாள்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வீசும்போது முழு இழுவையும் அந்த ஒட்டில்தான் விழும். ஒருநாள் ஒடியும், அலகு முன்வரிசைக்குப் பறக்கும். அப்படிப்பட்ட வாளுக்குக் கருங்காலியில் பிடி போட்டாலும் சுவரில் மாட்டத்தான் லாயக்கு, காசைக் கரைக்காதீர்கள்.

வால் ஒழுங்காக இருந்தால் வேலை சுவாரசியமானது. கஷ்டமான இடம் குறுக்குக் காப்பின் துளை, அதாவது அலகுக்கும் பிடிக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குத் தகட்டில் வால் நுழையும் ஓட்டை. அதை வாலைவிடச் சின்னதாகவே முதலில் வெட்டுங்கள். வாலில் மார்க்கர் மை பூசிச் செருகி எடுத்தால், துளைக்குள் இறுகும் இடத்தில் மட்டும் மை ஒட்டியிருக்கும். அங்கே மாத்திரம் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு; திரும்பவும் மை, திரும்பவும் செருகல். பொறுமை போய் ஒரேயடியாகத் தேய்த்தால் காப்பு கடைசிவரை கிலுகிலுக்கும்.

பிடிக்கு முதிரை மரம் நல்லது. இரண்டு பாதியாகப் பிளந்து, வாலின் வடிவத்தை உட்புறம் குடைந்து, எபொக்சிப் பசை வைத்து ஒட்டுங்கள். அப்புறம் காப்புப் பக்கத்தில் பூணை இறுக்கிவிடுங்கள், மரம் பிளக்காது. குமிழுக்கு வெளியே வால்நுனி இரண்டு மில்லிமீற்றர் நீட்டியிருந்தால் போதும்; சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிப் பரப்பினால் எல்லாம் இறுகிவிடும். அரமும் எபொக்சியும் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும், சண்டைக் காட்சிக்கு மரவாள்தான். எஃகு வாள் ராஜாவின் இடுப்பில் இருக்கட்டும், அதுவும் முனை மழுங்கியபடி. ஒத்திகைக்கு அதை பஸ்ஸில் கொண்டு போகவே வேண்டாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் வாளைக் கண்டால் யாரும் நாடகத்தை நினைப்பதில்லை. பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முதலே கேட்டுவிடுங்கள், குழுவின் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.