பழைய பைபர் போட் திருத்துவது: கேள்வி பதில்

முள்ளியவளையிலிருந்து: அண்ணை, 18 அடி பைபர் போட் ஒன்று மலிவாக வருகுது. பிள்ளைகளோடு நந்திக்கடலில் ஓடித்திரியத்தான். வாங்க முதல் எதைப் பார்க்க வேணும்?

பதில்: எஞ்சின் பூட்டுற பின்பலகையை. எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கோ. பலகையும் சேர்ந்து வளைந்தால் உள்ளேயிருக்கிற பிளைவூட் உக்கிவிட்டது. பிறகு சின்னச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டுங்கோ. நல்ல இடம் "டக்" என்று கேட்கும், உக்கின இடம் "தொப்" என்று அமுங்கும். சந்தேகமென்றால் உட்பக்கத்தால் 4 மில்லிமீற்றர் துளை போடுங்கோ. தூள் கறுத்து ஈரமாக வந்தால் பலகை மாற்ற வேணும். போல்ட் துளைகளால்தான் தண்ணீர் இறங்கும். கடல் தண்ணீரை விட மழைத் தண்ணீர்தான் மரத்தைக் கெதியாய் உக்க வைக்கும். மாரி முழுக்க மூடாமல் கிடந்த போட்டென்றால் இரண்டு மடங்கு கவனம்.

பரந்தனிலிருந்து: என்ன பெயின்ற் நல்லது?

பதில்: பலகையைத் தட்டிப் பார்த்த பிறகு கேளுங்கோ.

கிளிநொச்சியிலிருந்து: பலகை உக்கித்தான் போச்சு. எப்படி மாற்றுவது?

பதில்: வெளித்தோலைத் தொடாதேங்கோ. உட்பக்க பைபரை, சுற்றிவர 2 அங்குலம் விட்டு, கிறைண்டரால் வெட்டிக் கழற்றுங்கோ. உக்கின மரத்தை உளியால் முழுக்கச் சுரண்டி, நல்ல வெயிலில் காயவிடுங்கோ. ஈரம் இருந்தால் எந்த ரெசினும் (பைபரை ஒட்டி இறுக்கிற பிசின்) பிடிக்காது. பழைய கனத்தை அளந்து, அதே கனத்துக்கு மரீன் பிளைவூட்டை ஒட்டிச் சேருங்கோ. ஓரங்களுக்கும் போல்ட் துளைகளுக்கும் ரெசின் பூசினபிறகுதான் உள்ளே வைக்கலாம்.

மேலே 450 கிராம் மாட் (கண்ணாடி நார் விரிப்பு, சதுர மீற்றருக்கு 450 கிராம்). அந்த விரிப்பின் நிறையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு சாதாரண (பொலியெஸ்ரர்) ரெசின். 1 கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கிற ஹாட்னர் 10 முதல் 20 கிராம். வன்னி வெயிலுக்கு 10 கிராம் போதும், கூடினால் வாளியிலேயே சூடேறி இறுகிவிடும். விடியவே வேலையைத் தொடங்குங்கோ. சோளகம் புழுதியை வாரியடிக்கிற நாளில் தொடவே வேண்டாம். ஹாட்னரையும், ரெசின் கெதியாய் இறுகச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஒருபோதும் நேரே கலக்காதேங்கோ, தீப்பிடித்து வெடிக்கும். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் போத்தலைத் திறவாதேங்கோ.

மாங்குளத்திலிருந்து: எப்பொக்சி என்கிற ரெசின்தானே பலம்? ஏன் சாதாரண ரெசினைச் சொல்லுறியள்?

பதில்: பலம் எப்பொக்சிதான், ஒட்டுப்பிடிப்பும் கூட. ஆனால் சாதாரண மாட் விரிப்பிலுள்ள பசை எப்பொக்சியில் கரையாது. நெய்த துணி வேணும். பிறகு அதுக்கு மேலே சாதாரண ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. அடுத்த திருத்தமும் எப்பொக்சியில்தான்.

திரும்பவும் மாங்குளம்: மரத்திலிருந்து சாதாரண ரெசின் உரிஞ்சு வருமே?

பதில்: வரும், அதிலே உங்கள் பக்கம் நியாயம் இருக்கு. முழு மர வள்ளமென்றால் நானும் எப்பொக்சிதான் சொல்லுவன். பின்பலகையில் மரத்தைச் சுற்றி பைபர் மூடியிருக்கு. காய்ந்த மரமும் நன்றாகத் தேய்த்த பைபரும் இருந்தால் சாதாரண ரெசின் தாங்கும். உரியிறது பெரும்பாலும் ஈரத்தை மூடி வைத்த இடத்தில்.

புதுக்குடியிருப்பிலிருந்து: மண்ணெண்ணெய் எஞ்சின் கிடந்து இறுகிப் போச்சு.

பதில்: மெக்கானிக்கிடம் கொண்டு போங்கோ. இனிமேல் நிறுத்த முதல் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கோ. பிறகு நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து: பெயின்ற் எத்தனை பூச்சு?

பதில்: மூன்றாம் முறையும் அதையே சொல்லுறன்: முதல் பலகை.