ரந்தேபாவோவில் நண்பர் பெயரில் நிலம் வாங்கலாமா?

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில், ரந்தேபாவோ ஊர் இருக்கும் தோராஜா மலைப்பகுதியில், வெளிநாட்டவரான நீங்கள் உள்ளூர் நண்பர் பெயரில் நிலம் வாங்கி, அது உங்களுடையது என்று அவரோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டம், 26ஆம் பிரிவுப்படி அது செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. வெளிநாட்டவருக்கு 'ஹாக் மிலிக்' எனும் முழு உரிமை கிடையாது. வசிப்பு அனுமதி இருந்தால் 'ஹாக் பாக்காய்' எனும் பயன்பாட்டு உரிமை பெறலாம், முதலில் 30 ஆண்டு வரை.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அங்கே பல நிலங்கள் தொங்கொனான் எனும் குலவீட்டுக்குப் பொதுச்சொத்து. விற்பவர் ஒருவர் கையெழுத்து போதாது. மக்காசார் நகரில் இருக்கும் பங்காளி பின்னால் வழக்குப் போடுவார். வரி ரசீதைக் காட்டினால் நம்பாதீர்கள், அது பட்டா ஆகாது. நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே முன்பணம். அதுவரை நோட்டரி மூலம் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு மழைக்காலமாவது இருந்து பாருங்கள். மழையில் பலோப்போ நகருக்குப் போகும் சாலை மண்சரிவில் அடைபடும்.