கடைசியில் ஐந்து கணக்கு போதுமா?

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களுக்காக நீரின் கடினத்தன்மை பற்றி 18 நிமிட வீடியோ எடுத்தேன். வரையறை, வகைகள், நீக்கும் முறை எல்லாம் இருக்கிறது. 'சூப்பர் மிஸ்' என்கிறார்கள்; கணக்குக் கொடுத்தால் விழிக்கிறார்கள். கடைசியில் ஐந்து கணக்குகளைச் சேர்த்தால் சரியாகுமா, சார்?
– வேதியியல் ஆசிரியை, மடிப்பாக்கம்

பதில்: ஆகாதும்மா. அதற்குள் வீடியோவை மூடிவிடுவார்கள். கேள்வியை முன்னால் கொண்டு வாருங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதில் அரை மூடி எலுமிச்சம்பழத்தை என் வீடியோவில் பிழிந்து காட்டினேன். நுரைத்தது. 'தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, இது எங்கிருந்து வந்தது?' என்று மட்டும் கேட்டுவிட்டு, 'வீடியோவை நிறுத்தி எழுதுங்கள்' என்று திரையில் போட்டேன். முக்கால்வாசிப் பேர் 'உப்பு' என்று எழுதினார்கள். சரி, எந்த உப்பு? சாப்பாட்டு உப்பு எலுமிச்சைக்கு நுரைக்குமா? கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சூட்டில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுவதை அதற்கப்புறம் சொன்னால் போதும். வரையறை தானாக வந்து உட்காரும்.

கடினத்தன்மையை அளக்கும் தரம்பார்த்தலில்தான் (நிறம் மாறும்வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) சொதப்பினேன். ஒயின் சிவப்பு நீலமாக வேண்டும். என் மொபைலில் இரண்டுமே கருப்பாகத் தெரிந்தன. எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைக் கை தாராளமாகப் போட்டிருந்தேன்! நிறங்காட்டியைக் குறைத்து, குடுவைக்கு அடியில் வெள்ளை டைல்ஸ் வைத்து மறுபடி எடுத்தேன். (கரைசலின் காரத்தன்மையை மாறாமல் வைக்கும் அம்மோனியா பஃபரை ஊற்றும்முன் ஆய்வக ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எனக்கு இருமலோடு பதிவான ஆடியோ இன்னும் இருக்கிறது.)

50 மி.லி. போர் தண்ணீருக்கு கால்சியம், மக்னீசியத்தைப் பிணைக்கும் இ.டி.டி.ஏ. கரைசல் (0.01 மோலார் செறிவு) 22 மி.லி. பிடித்தது. இந்தக் கரைசல் ஒரு மி.லி. பிடித்தால், தண்ணீரில் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கு. 'கடினத்தன்மை எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'கடினத்தன்மையை மட்டும் பார்த்தால் குடிக்கலாமா?' என்று கேளுங்கள். சிலர் 22 என்று எழுதி நிறுத்துவார்கள், லிட்டருக்கு மாற்ற மறந்து. அந்தத் தப்பை வீடியோவில் நானே செய்து, அடித்துத் திருத்தினேன். லிட்டருக்கு 440 மில்லிகிராம் வரும். இந்தியத் தர அமைவனம் 200 வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை விடுகிறது. ஆகவே வகுப்பில் சண்டை நிச்சயம். நடக்கட்டும்.

18 நிமிடத்தையும் வெட்டுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. என் வகுப்பில் ஒருவன் லாரித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். அடுத்த வீடியோ அதுதான்.