யார் கையெழுத்து முதலில்?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். சோமாலிலாந்தை இஸ்ரேல் அங்கீகரித்த செய்தி வந்ததிலிருந்து கடையில் இதுதான் பேச்சு. ஆப்பிரிக்காவின் கிழக்கே சோமாலியாவிலிருந்து பிரிந்து நிற்கும் பகுதி அது. 1991 முதல் தனி ஆட்சி, தேர்தல், சொந்தப் பணம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அனுபவத்தில் இருப்பவர் பெயருக்குப் பட்டா மாறிவிட்டால் பங்காளித் தகராறு ஓய்ந்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கம். அதுபோல எல்லா நாடுகளும் அங்கீகரித்துவிட்டால் சண்டை முடிந்துவிடாதா? எகிப்துக்கும் துருக்கிக்கும் இதில் என்ன கோபம்? இந்தியாவும் அங்கீகரித்தால்தான் என்ன?

அன்புள்ள நண்பருக்கு,

பட்டா மாற்ற ஒரு தாசில்தார் இருக்கிறார். அவர் உத்தரவு தப்பு என்றால் ஆர்.டி.ஓ., அதற்கும் மேலே கோர்ட். நாடுகளுக்கு அப்படி ஒரு தாலுகா ஆபீஸ் கிடையாது. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன், இந்த நான்கும் இருந்தால் நாடு என்கிறது 1933ஆம் ஆண்டு மாண்டிவிடியோ ஒப்பந்தம். சரிபார்த்து முத்திரை குத்தத்தான் ஆள் இல்லை. ஆகவே அங்கீகாரம் என்பது பக்கத்து நிலத்துக்காரர் போடும் சாட்சிக் கையெழுத்து. அவருக்கும் பழைய உடைமைக்காரருக்கும் முன்பே வாய்க்கால் தகராறு இருந்தால், கையெழுத்து விழுந்த அன்றே அந்தத் தகராறும் இந்த நிலத்துக்குள் வந்துவிடும்.

சோமாலிலாந்தில் நடந்தது அதுதான். சோமாலிலாந்தின் பக்கத்து நாடு எத்தியோப்பியா. அதிலிருந்து எரித்திரியா 1993இல் பிரிந்தபோது அது கடற்கரையை இழந்தது. இன்று அதன் சரக்கில் மிகப் பெரும்பகுதி இன்னொரு பக்கத்து நாடான ஜிபூட்டியின் துறைமுகம் வழியாகப் போகிறது. 2024 ஜனவரி 1 அன்று அது சோமாலிலாந்தோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. கடற்படைக்காகச் சுமார் 20 கிலோமீட்டர் கரை, 50 ஆண்டு குத்தகை. பதிலுக்கு அங்கீகாரம் கிடைக்கும் என்றது சோமாலிலாந்து. சோமாலியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. பிப்ரவரியில் துருக்கியோடு பாதுகாப்பு ஒப்பந்தம், ஆகஸ்டில் எகிப்தோடு இன்னொன்று. எகிப்துக்கு வேண்டியது சோமாலியாவின் எல்லை அல்ல. எகிப்துக்குத் தண்ணீர் தரும் நீல நைல் ஆற்றில் எத்தியோப்பியா கட்டிய அணைதான் அதன் கவலை. அங்கே தீராத தண்ணீர்ச் சண்டைக்கு இங்கே ஒரு கதவு திறந்தது, சோமாலியாவின் தலைநகர் மொகடிஷுவில் எகிப்திய ஆயுதம் வந்து இறங்கியது. டிசம்பர் 11 அன்று அங்காராவில் துருக்கி சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் உட்காரவைத்துப் பேசித்தான் சூடு தணிந்தது. 2025 டிசம்பர் 26 அன்று இஸ்ரேல் அங்கீகரித்ததும் சோமாலியா, எகிப்து, துருக்கி, ஜிபூட்டி நான்கும் சேர்ந்து கண்டித்ததை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். அவரவர் கணக்கு அவரவருக்கு.

உங்கள் கடையில் அடுக்கியிருக்கும் டி.ஏ.பி. மூட்டையிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. அதில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து. அந்த மணிச்சத்துக்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலத்தை நமக்கு அதிகம் தரும் நாடுகளில் ஒன்று மொராக்கோ. அதன் தெற்கே, முன்பு ஸ்பெயின் ஆண்ட, இப்போது மொராக்கோ தன்னுடையது என்னும் மேற்கு சகாரா. அங்கே பூ கிரா சுரங்கத்தில் வெட்டும் பாஸ்பேட் பாறை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்குப் போகிறது. ஸ்பெயின் வெளியேறியதும் 1976 பிப்ரவரி 27 அன்று பொலிசாரியோ இயக்கத்தினர் அங்கே சஹ்ராவி குடியரசை அறிவித்தார்கள். சில நாட்களில் அல்ஜீரியா அங்கீகரித்தது, மொராக்கோ அல்ஜீரியாவோடு உறவை முறித்தது. 1984இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைவிட்டே மொராக்கோ வெளியேறியது. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் அது திரும்பச் சேர 2017 ஆயிற்று.

எதிர்ப்பக்கத்துக் கையெழுத்தும் இதே வேலையைத்தான் செய்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அந்த நிலம் மொராக்கோவுடையது என்றது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா மறுபடி உறவை முறித்தது. அக்டோபர் 31 அன்று, அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போகும் எரிவாயுக் குழாயின் ஒப்பந்தம் முடிந்தது. அல்ஜீரியா புதுப்பிக்கவில்லை. அந்த வாயுவை நம்பியிருந்த மொராக்கோவின் இரண்டு மின்நிலையங்கள் நின்றன. 2022இல் ஸ்பெயினிலிருந்து அதே குழாயில் வாயுவைத் தலைகீழாக ஓடவிட்டுத்தான் மொராக்கோ சமாளித்தது. எல்லையில் ஒரு கல்கூட நகரவில்லை. குழாயில் ஓட்டம் மட்டும் திரும்பிவிட்டது.

இந்தியா சஹ்ராவி குடியரசை 1985இல் அங்கீகரித்து 2000இல் விலக்கிக்கொண்டது என்பதையும் மறக்கவேண்டாம்.

நம் வட ஆற்காட்டு மண்ணே இதைப் பார்த்திருக்கிறது. அது வாரிசுச் சண்டை, பிரிவினை அல்ல; ஆனால் அங்கீகாரம் வேலை செய்த விதம் ஒன்றுதான். 1748இல் ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் சமாதானமாகிவிட்டன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் விழுந்ததும், பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபை நவாப் என்றார்கள், ஆங்கிலேயர்கள் அன்வருத்தீன் மகன் முகமது அலியை என்றார்கள். தங்களுக்குள் போர் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆற்காட்டிலும் திருச்சியிலும் மோதினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டு வல்லரசுகளும் முகமது அலியையே முறையான நவாப் என்று ஏற்றன. அவர் வம்சத்துக்கு அதனால் என்ன மிஞ்சியது? கடன். 1801இல் கர்நாடகம் என்று அன்று சொன்ன அந்த ஆற்காட்டு நாட்டின் ஆட்சியை ஆங்கிலேயக் கும்பெனி எடுத்துக்கொண்டது.

அப்படியானால் எந்தக் கையெழுத்து தகராறைத் தணிக்கும்? பழைய உடைமைக்காரருடையது. வங்கதேசத்தை 1971 டிசம்பர் 6 அன்றே பூட்டானும் இந்தியாவும் அங்கீகரித்தன. பாகிஸ்தான் அன்றே நம்மோடு உறவை முறித்தது. 1972இல் வங்கதேசத்தின் ஐ.நா. மனுவைச் சீனா வீட்டோ செய்தது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் அங்கீகரித்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா.வில் இடம் கிடைத்தது.

அந்தக் கையெழுத்தும் தனியாகப் போதாது, நான்கு பக்க எல்லையும் சொல்லும் செக்குபந்தி வேண்டும். எரித்திரியா எத்தியோப்பியாவின் சம்மதத்தோடுதான் பிரிந்தது. எல்லைக்கல் நடவில்லை, துறைமுகக் கட்டணமும் புது நாணயமும் எப்படி என்று முடிவாகவில்லை. 1998இல் பத்மே என்ற சிற்றூரில் தொடங்கிய போரில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். சோமாலிலாந்துக்கும் கிழக்கு எல்லை தெளிவாக இல்லை. லாஸ் அனோத் நகரத்தில் 2023இல் எழுந்த சண்டையில் அதன் படை அந்தப் பக்கத்தைவிட்டே பின்வாங்க நேர்ந்தது. அங்குள்ளவர்கள் சோமாலியாவோடு இருக்கவே விரும்பினார்கள். இன்று முழு நிலத்துக்கும் சேர்த்து அங்கீகாரம் கொடுப்பவர் அந்த ஊரையும் யாரைக் கேட்டுக் கொடுக்கிறார்?

இந்தியா முந்திக்கொண்டு கையெழுத்திடக் கூடாது என்பதே என் கருத்து. உறவு வைக்க அங்கீகாரம் கட்டாயமில்லை. தைவானை நாம் நாடாக அங்கீகரிக்கவில்லை. 1995 முதல் தைபேயில் நமக்குத் தூதரகம்போல ஒரு சங்கம் இருக்கிறது, 2012 முதல் சென்னையில் அவர்களுக்கு ஒரு மையம். பழைய வட ஆற்காட்டின் செய்யாறில் தைவான் முதலீட்டில் காலணி ஆலை ஓடுகிறது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்தோடும் இப்படி ஒரு வணிக அலுவலகம் வைத்துக்கொள்ளலாம். மொகடிஷுவும் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவும் லாஸ் அனோத்தாரையும் வைத்துக்கொண்டு நேரே பேசட்டும். நம் கையெழுத்து அதற்குப் பிறகு வரட்டும்.