வரைஞ்சே ஆஸ்கர் வரைக்கும் போன பானு அதையா

கேள்வி: எனக்கு டிரஸ் வரையறதுன்னா உயிர். டிவி சீரியலுக்கு காஸ்ட்யூம் டிசைனரா போகணும், பின்னாடி சொந்தமா ஒரு ஃபேஷன் பத்திரிகை ஆரம்பிக்கணும்னு ஆசை. "துணிக்கும் பத்திரிகைக்கும் என்னடி சம்பந்தம்"னு வீட்ல கேக்குறாங்க. ரெண்டுலயும் இருந்தவங்க யாராவது உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உண்டும்மா, நம்ம நாட்டுலயே உண்டு. பானு அதையா, காந்தி படத்துக்கு டிரஸ் டிசைன் பண்ணி ஆஸ்கர் வாங்கினவங்க. நீங்க காஸ்ட்யூம்லேர்ந்து பத்திரிகைக்குப் போக நினைக்கிறீங்க, அவங்க பத்திரிகைலேர்ந்து காஸ்ட்யூமுக்கு வந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். 1929-ல கோலாப்பூர்ல பிறந்தவங்க, அப்பா அண்ணாசாகேப் ராஜோபாத்யே ஓவியர், பாபுராவ் பெயிண்டர்ங்கிற டைரக்டரோட சினிமாவுலயும் வேலை பார்த்தவர், ஆனா பானு சின்னப் பொண்ணா இருக்கும்போதே தவறிட்டார். அப்புறம் பம்பாய் வந்து ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில சேர்ந்து 1951-ல தங்க மெடல் வாங்கினாங்க. சூஸா, ரஸா, ஹுசேன் இவங்கல்லாம் ஆரம்பிச்ச முற்போக்கு ஓவியர் குழு இருக்கே, அதோட 1953 கண்காட்சியில இவங்க ஓவியமும் இருந்துச்சு, அந்தக் குழுவுல இருந்த ஒரே பெண் இவங்கதான்.

அந்த நேரத்துல வருமானத்துக்கு ஃபேஷன் அண்ட் பியூட்டி, ஈவ்ஸ் வீக்லி ரெண்டு பத்திரிகைக்கும் டிரஸ் படம் வரைஞ்சு கொடுத்துட்டு இருந்தாங்க. ஈவ்ஸ் வீக்லி ஆசிரியை ஒரு பொட்டிக் (சின்ன ஃபேஷன் துணிக்கடை) திறந்தப்போ, பேப்பர்ல வரையறதை நிஜத் துணியிலயும் பண்ணிப் பாரேன்னு இவங்களைக் கூப்பிட்டாங்க, அதைப் பார்த்து நடிகைங்க தேடி வர ஆரம்பிச்சாங்க, அங்கேர்ந்துதான் சினிமா. என்னைக் கேட்டா, பத்திரிகைக்கு வரைஞ்ச அந்தக் காலம்தான் அவங்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம். பக்கத்தைத் திருப்புற வாசகிக்கு ஒரே பார்வையில துணி எப்படி விழும், மடிப்பு எங்க வரும், இடுப்புல எங்க பிடிக்கும்னு புரியணும், அதே படம் டெய்லர் கைக்குப் போனா அவரும் கேள்வியே கேக்காம வெட்டணும். உங்க வீட்ல கேட்டா இதைச் சொல்லுங்க.

கேள்வி: பானு அதையா பண்ண டிரஸ்ல நாங்க பார்த்திருக்கக்கூடியது எது? (வாசகர், காரைக்குடி)

பதில்: பேர் தெரியாமலே நிறைய பார்த்திருப்பீங்க. 1955-ல ராஜ் கபூரோட ஸ்ரீ 420 படத்துல நாதிரா போட்டு வர்ற கவுன், 1965-ல வக்த் படத்துல சாதனா போட்ட உடம்போட ஒட்டின சுடிதார் குர்தா (அதைப் பார்த்துட்டு ஊர்ல பொண்ணுங்க எல்லாம் அதே மாதிரி தச்சுக்கிட்டாங்க), 1968-ல பிரம்மச்சாரி படத்துல மும்தாஜோட ஆரஞ்சு கலர் சேலை. அந்தச் சேலையை முன்னாடியே தச்சு ஜிப் வச்சுட்டாங்க, எவ்வளவு ஆடினாலும் கழண்டு வராது. இன்னைக்கு கடையில ரெடிமேட் சேலைன்னு விக்கிறாங்களே, அந்த யோசனை அப்பவே அவங்க கையில இருந்துருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1966-ல வந்த ஆம்ரபாலி. நம்ம திருவல்லிக்கேணியில பிறந்த வைஜெயந்திமாலாதான் அதுல வைசாலி நகரத்து நடனக்காரி. ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தின கதை, அந்தக் காலத்துத் துணி எதுவும் மிஞ்சல, போட்டோவா இருக்கப் போகுது? அஜந்தா சுவர் ஓவியத்துல பொண்ணுங்க எப்படி மாருக்குக் கச்சை கட்டியிருக்காங்க, இடுப்புத் துணியை எப்படிச் சுத்தியிருக்காங்க, நகை எந்த இடத்துல உக்காருதுன்னு பார்த்துப் பார்த்து எடுத்தாங்க. ஓவியம் படிச்ச கண்ணு இல்லாம அது முடியாது.

கேள்வி: இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் ஏ.ஆர்.ரஹ்மானுக்குத்தானே? அப்புறம் காந்தி படத்துல எல்லாரும் வெள்ளை வேட்டிதான், அதுக்குப் போய் ஆஸ்கரா? (வாசகர், மதுரை)

பதில்: ரஹ்மான் வாங்கினது 2009. பானு வாங்கினது 1983 ஏப்ரல், 26 வருஷம் முன்னாடி, அந்தப் படத்துக்குக் கூடச் சேர்ந்து காஸ்ட்யூம் பண்ண ஜான் மோலோவோட பகிர்ந்துகிட்டாங்க. அதே காந்தி படத்து இசைக்கு ரவிசங்கர் பேரும் ஜார்ஜ் ஃபென்டன் பேரோட சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்ல இருந்துச்சு, கிடைக்கல.

வெள்ளை வேட்டின்னு மதுரைக்காரர் நீங்களே சொல்லலாமாங்க! காந்தி 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி உங்க ஊர்லதான் மேல் சட்டை, தொப்பியெல்லாம் விட்டுட்டு இடுப்பு வேட்டிக்கு மாறினார். படம் 1948-ல அவரைச் சுடுறதுல ஆரம்பிச்சு, பின்னாடி 1893-க்குப் போய் தென்னாப்பிரிக்கா ரயில்ல சூட் போட்ட வக்கீலா அவரைக் காட்டுது, திரும்ப 1948-ல முடியுது. நடுவுல அந்த மனுஷன் என்னென்ன போட்டார், எப்ப மில் துணி போய் கதர் வந்துச்சு, அந்தக் கதர் எவ்வளவு முரடா இருக்கும், கூட நிக்கிற நேரு என்ன போட்டிருப்பார், கஸ்தூரிபா சேலை எப்படி மாறிச்சு, இது போக கூட்டத்துல நிக்கிற ஆயிரக்கணக்கான பேர் எந்த ஊர்க்காரங்க, அவங்க தலைப்பாகை எப்படிக் கட்டுவாங்கன்னு எல்லாம் சரியா இருக்கணும். ஜிகினா துணியில தப்பு மறைஞ்சுடும், வெறும் வெள்ளைத் துணியில மறையாது. இந்தப் படத்தை எடுக்க 17 வருஷம் அலைஞ்சேன், ஆனா பானுதான் இதுக்குச் சரியான ஆள்னு முடிவு பண்ண 15 நிமிஷம்தான் ஆச்சுன்னு படத்தோட டைரக்டர் ஆட்டன்பரோவே சொல்லியிருக்கார்.

கேள்வி: அந்த ஆஸ்கரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களாமே, கோபமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கோபம் இல்லீங்க, பயம். சாந்திநிகேதன்லேர்ந்து தாகூரோட நோபல் பதக்கமே 2004-ல திருடு போயிடுச்சே, தனக்கு அப்புறம் இது என்ன ஆகும்னு யோசிச்சு 2012-ல ஆஸ்கர் கொடுக்கிற அகாடமிகிட்டயே பத்திரமா வச்சுக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க. 2020 அக்டோபர்ல இறந்தாங்க. லேகின், லகான் ரெண்டுக்கும் தேசிய விருது, நூறு படத்துக்கு மேல வேலை, அப்படிப்பட்டவங்க நம்பிக் கொடுக்க இங்க ஒரு இடம் இல்லைன்னு நினைச்சது எனக்கு இன்னைக்கும் வலிக்குது. நடிகருக்கு மணிமண்டபம் கட்டுறோம், அவங்க போட்ட துணியைக் காப்பாத்த ஒரு நல்ல மியூசியம் வேணாமா?

கேள்வி: சினிமாவுக்குக் காசு இருக்கு. டிவியில என்ன பண்ண முடியும்? (திண்டுக்கல் வாசகியே மறுபடியும்)

பதில்: நியூயார்க்ல பட்ரிஷியா ஃபீல்டுன்னு ஒருத்தங்க, 1966-லேர்ந்து துணிக்கடை வச்சிருந்தவங்க. செக்ஸ் அண்ட் த சிட்டிங்கிற அமெரிக்க டிவி தொடருக்கு (1998-லேர்ந்து 2004 வரைக்கும் வந்தது) அவங்கதான் காஸ்ட்யூம், 2002-ல எம்மி விருதும் (டிவிக்குக் கொடுக்கிற அமெரிக்க விருது) வாங்கினாங்க. அந்தத் தொடரோட டைட்டில்ல ஹீரோயின் போட்டு வர்ற வெள்ளை டூட்டூ பாவாடை (பாலே நடனக்காரங்க போடுற விரிஞ்ச பாவாடை), தள்ளுபடி கூடையில 5 டாலருக்கு எடுத்தது! பிராண்ட் ஐட்டத்தையும் பழைய கடைத் துணியையும் சேர்த்துப் போட்டு, அந்தப் பொண்ணு எப்படிப்பட்டவன்னு காட்டிட்டாங்க. சீரியல்ல தினமும் சீன் ஓடுது, அதனால எந்த எபிசோட்ல எந்தச் சேலை, எந்த வளையல்னு போட்டோ எடுத்து நோட்டு போட்டு வைக்கிற பழக்கம் மட்டும் இப்பவே வேணும், இல்லேன்னா ஒரே சீன்ல கதவுக்கு இந்தப் பக்கம் பச்சைச் சேலை, அந்தப் பக்கம் நீலச் சேலை ஆயிடும்.

பத்திரிகை ஆரம்பிக்கிறதுக்கு முன்ன மாதிரி அலைச்சல் இல்லை. 1867-ஆம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் போயி 2023-ல புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச்லேர்ந்து அமல்ல இருக்கு, தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து ஆன்லைன்லயே பிரஸ் சேவா போர்ட்டல்ல விண்ணப்பிக்கலாம். ஒரே பேரை யோசிச்சு வச்சு ஏமாறாதீங்க, வேற யாராவது எடுத்திருந்தா கிடைக்காது, நாலஞ்சு தலைப்பு கையில வச்சுக்கோங்க. முதல் இதழ் வந்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்கம்மா.